ஒரு பையில் இரண்டு வால்

ஒரு பல்லி ஊர் திரும்புவதற்கு மேளம் வைப்பார்கள் என்று உலகம்மாள் கனவிலும் நினைத்ததில்லை. வைத்தார்கள். உயிர்ப் பதிவகத்தின் தென்காசிக் கிளையிலிருந்து ஜெபக்கனி போன் செய்து, "மேடம், ஒங்க அருவிப் பல்லி கெடச்சிட்டு!" என்று கத்தியபோது, அடுப்பில் ரசம் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் உலகம்மாள் நின்றாள். கிடைத்தது ஒன்றிரண்டு அல்ல, நாற்பத்தொன்று. வியாழக்கிழமை காலை குற்றாலத்து அருவிக்கரையில் விழா. நாற்பத்தொன்றையும் அவற்றின் சொந்த ஊரில் இறக்கிவிடப் போகிறார்கள். சிறப்பு விருந்தினர், அந்தப் பல்லியை உலகத்துக்குச் சொன்ன முனைவர் உலகம்மாள்.

"நையாண்டி மேளத்துக்குச் சொல்லியாச்சு மேடம். நீங்க பட்டுச்சேலை கட்டிட்டு வந்துருங்க" என்றாள் ஜெபக்கனி. பதிவக ஆய்வாளர் வேலையில் அவளுக்கு இதுதான் முதல் விழா.

உலகம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்து நான்கு வயதில் அவள் கண்டுபிடித்தது அந்தப் பல்லி. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். பகலில் உலவும், ஈரப்பாறையில் ஒட்டிக்கொண்டு கொசு பிடிக்கும். அந்தக் காலத்தில் ஒரு பல்லி இன்ன பல்லிதான் என்று சொல்ல லென்ஸை வைத்துக்கொண்டு தவம் கிடக்க வேண்டும். உதட்டோரத்தில் செதில் எத்தனை, விரலடியில் மடிப்பு எத்தனை, ஆண் பல்லியின் தொடையில் மெழுகு கசியும் துளை எத்தனை என்று எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போகும்.

அப்புறம் தொட்டறி வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் நுனியை எந்த உயிரின் மேல் வைத்தாலும், மரபணுவைப் படித்து, பதிவகத்தில் இருக்கும் மூல மாதிரியோடு ஒத்துப் பார்த்து, பதினொரு விநாடியில் பெயரும் சொந்த ஊரும் தேன் ஒழுகும் குரலில் சொல்லிவிடும். செதில் எண்ணுகிறவர்களுக்கு வேலை போயிற்று. கல்லூரி அருங்காட்சியகத்தை மூடி, ஸ்பிரிட் ஜாடிகளை எல்லாம் கொட்டிவிடப் பார்த்தார்கள். உலகம்மாள் மல்லுக்கு நின்று, தன் ஜாடிகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது சமையலறை மேல்தட்டில் நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் பல்லிகள் இருக்கின்றன. விருந்தாளிகள் அந்த வீட்டில் ஊறுகாய் கேட்பதில்லை.

தொட்டறி வந்ததும் அவளுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அருவிக்கரையில் எந்தப் பல்லியைத் தொட்டாலும் அது அருவிப் பல்லி இல்லை என்றது கருவி. பெயரில்லாத புது இனம் என்றது. அந்தப் புது இனத்தைப் பதிவு செய்தவர் வேறு யாருமில்லை, அவள் கணவர் பிச்சாண்டிதான். பதினேழு வருடத்துக்கு முன்னால், அதற்கு உலகம்மாள் பல்லி என்று பெயரும் வைத்தார். பெண்டாட்டி பெயரைப் பல்லிக்கு வைத்த மகராசன் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். பார்வைக்கு அது அருவிப் பல்லி மாதிரியேதான் இருந்தது. ஆனால் ஒன்றுபோல் தெரிவதெல்லாம் ஒன்றல்ல, கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்பதுதான் அந்தக் காலத்துப் பாடம். உலகம்மாளும் தன் கண்ணை நம்பாமல் விட்டாள். தன் பல்லி அருவியிலிருந்து அடியோடு அழிந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

அந்தப் பல்லிதான் இப்போது திரும்பி வந்திருக்கிறது. வியாழன்வரை பொறுக்க அவளால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பல்லிகள் பிடிபட்ட சுனைப்பொத்தைக்குப் போய் இறங்கினாள்.

பொத்தை என்றால் மலையும் இல்லை, வெறும் பாறையும் இல்லை. வயல்காட்டுக்கு நடுவே தனியாக எழுந்து நிற்கும் கற்குன்று. உச்சியில் ஒரு சுனை. அடிவாரத்தில் வரிசையாகப் பனைமரங்கள். ஊராட்சித் தலைவர் பேச்சித்தாய் அங்கே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். உலகம்மாள் வயதுதான் இருக்கும்.

"நீங்கதான் அந்தப் பல்லி டாக்டரா? வாங்க. எங்க பொத்தைக்குக் கருமாதி நடத்த வந்தியளாக்கும்."

"கருமாதியா? எதுக்குங்க?"

"ஒங்களுக்கு ஒண்ணும் சொல்லலியா? பொத்தையைக் கல் குவாரிக்குக் கேக்காவ. சட்டப்படி, பொத்தைய ஒடைக்கணும்னா மொதல்ல அதுல குடியிருக்க உசுரையெல்லாம் தொட்டறி வச்சுக் கணக்கெடுக்கணும். இங்க மட்டுமே இருக்க உசுரு ஒண்ணு இருந்தாலும் வெடி வைக்க முடியாது. நாங்களும் பல்லி காப்பாத்திரும், பல்லி காப்பாத்திரும்னு வாயப் பாத்துக்கிட்டு இருந்தோம். கடைசில பாத்தா, அது எங்க ஊருப் பல்லியே இல்லியாம். சொந்த ஊரு குற்றாலமாம்."

உலகம்மாளுக்குச் சுருக்கென்றது. சொந்த ஊர்ச் சட்டம் அவளுக்குத் தெரியாததல்ல. வெளியூர் மீனும் வெளியூர்ச் செடியும் வந்து உள்ளூர் உயிர்களை விழுங்கிய காலத்தில், நல்ல எண்ணத்தோடு போட்ட சட்டம். பதிவேட்டில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அந்த ஊரில்தான் ஓர் உயிர் இருக்க வேண்டும். வேறெங்காவது அகப்பட்டால் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

"பல்லியப் பிடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை வெடி. பொத்தை போச்சுன்னா சுனை போச்சு, சுனை போச்சுன்னா ஏழு கிணறு போச்சு. எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலருந்து இந்தப் பல்லி இங்கதான் கெடக்கு. அதப் போயி வெளியூருங்காவ. நாளைக்கு அந்தத் தீப்பெட்டிய என் கையில வச்சி, ஒனக்குச் சொந்த ஊரு இது இல்ல, மூட்டையக் கட்டுன்னா நான் எங்கன போவேன்?"

உலகம்மாள் பாறையில் ஏறினாள். காலை பத்து மணிக்கே செருப்பைத் தாண்டிச் சூடு காலில் ஏறியது. அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது. அருவிப் பல்லி, தோல் அரைமணி நேரம் காய்ந்தாலே வாடிவிடும். அது இந்தத் தோசைக்கல்லில் எப்படிப் பிழைக்கும்?

மேலே தொங்கிய பாறையிலிருந்து சொத்தென்று ஏதோ அவள் இடது தோளில் விழுந்தது. நாற்பத்தொன்றில் சேராமல் தப்பித்த ஒன்று.

"தோள்லயா விழுந்துச்சு? எந்தத் தோளு? பஞ்சாங்கம் பாக்கணும்லா!" என்று பேச்சித்தாய் கீழேயிருந்து கூவினாள்.

உலகம்மாள் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. பல்லியை மெதுவாகப் பிடித்து, கழுத்தில் தொங்கிய லென்ஸை இத்தனை வருடம் கழித்துக் கண்ணில் வைத்தாள். கை தன்னால் வேலை செய்தது. ஆண் பல்லி. அருவிப் பல்லிக்குத் தொடைக்கு ஐந்து துளை இருக்கும். இதற்குத் தொடையில் துளையே இல்லை. வயிற்றின் அடியில், வாலுக்கு முன்னால், இரண்டே இரண்டு. முதுகுச் செதிலும் வேறு மாதிரி இருந்தது. இது வேறு பல்லி. சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

கணக்கெடுப்புக்காக ஊராட்சிக்குக் கொடுத்திருந்த தொட்டறியைப் பேச்சித்தாயிடம் வாங்கி வைத்துப் பார்த்தாள். பதினொரு விநாடி ஆயிற்று. "அருவிப் பல்லி. சொந்த ஊர்: குற்றாலம், அருவிக்கரை" என்றது தேன் குரல்.

கருவி பொய் சொல்லாது. தன்னிடம் கொடுத்த மாதிரியோடு ஒத்துப் பார்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் கொடுத்த மாதிரி தப்பு. அருவிப் பல்லிக்கு மாதிரி கொடுத்தது யார்? உலகம்மாள் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சூடுகூட உறைக்கவில்லை. கீழே பனைமரத்தடியில் ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால், இதே வைகாசி வெயிலில், அருவியிலிருந்து திரும்பும் வழியில் அவளும் பிச்சாண்டியும் இதே பனைமரத்தடியில் நின்று நுங்கு தின்றார்கள். அப்போது கல்யாணம் ஆகவில்லை, உடன் படிக்கிறவர்கள்தான். மிச்ச நுங்கைக் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பை வேண்டியிருந்தது. பல்லிக்கென்று கடைசியாக மிஞ்சிய காலிப்பை அதற்குப் போயிற்று. பிறகு பாறையில் ஒரு குட்டிப் பல்லி கண்ணில் பட்டது. பிடித்து, அருவிப் பல்லி இருந்த பையிலேயே போட்டாள். அறைக்குப் போய்ப் பையைத் திறந்தால் வால் இல்லாத பல்லி இரண்டு, துடிக்கிற வால் இரண்டு. பயந்த பல்லி வாலைக் கழற்றிவிடும் என்பது ஊருக்கே தெரியும். இரண்டையும் ஒரே பையில் போட்டது பல்லிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். நீளம் பார்த்து, இந்த வால் இதற்கு என்று அவளே முடிவு கட்டினாள். அருவிப் பல்லி ஜாடிக்குப் போனது. மற்றதை ஏதோ சாதாரணப் பல்லிக்குட்டி என்று நினைத்து விட்டுவிட்டாள். மரபணு மாதிரிக்கு வால் போயிற்று. பொத்தைப் பல்லியின் வால்.

வீட்டுக்கு வந்து ஜாடியை இறக்கி லென்ஸை வைத்தாள். தொடைக்கு ஐந்து துளை, சந்தேகமே இல்லை. பின்னங்கால் விரல் ஒன்றின் நுனியை மட்டும் காணோம். பழைய சரக்கு, உதிர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் பிச்சாண்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கல்லூரிக் காலத்தில் அவரை வா போ என்றுதான் பேசுவாள். கல்யாணமான புதிதில் மாமியாருக்காக 'நீங்க' வந்தது. மாமியார் போன பிறகும் அது போகவில்லை.

"மாதிரிய யாரும் மாத்த முடியாதுங்க. கொடுத்தவங்களே வந்து, என் மாதிரி தப்புன்னு வாபஸ் வாங்கணும். வாங்கினா என் பதிவர் எண் போயிரும். நான் பதிஞ்ச ஒம்பது இனத்தையும் தோண்டிப் பாப்பாங்க. இனிமே ஒரு புழுவுக்குக்கூட நான் பேரு வைக்க முடியாது."

"ம்."

"அதோட போனாலும் பரவால்ல. அருவியில இருக்கது என் அருவிப் பல்லியேதான்னா, நீங்க வச்ச பேரு செல்லாது. உலகம்மாள் பல்லின்னு ஒண்ணு ஒலகத்துலயே இல்லாமப் போயிரும். ஒங்க ஒரே பல்லி போயிரும்ங்க."

பிச்சாண்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அவர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "என் பல்லி எங்க போவப் போவுது? அருவியிலதான இருக்கும்" என்றார். அப்புறம், "வியாழக்கெழமை நானும் வாரேன். அந்த ஜாடிய மறந்துராத" என்றார்.

அடுத்த நாள் முழுக்க உலகம்மாள் தன்னோடு சண்டை போட்டாள். வாயை மூடிக்கொண்டால் பொன்னாடை, மேளம், பேப்பரில் படம். வாயைத் திறந்தால் முப்பது வருட உழைப்பு ஒரே நாளில் மண். ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆனால் அருவிச்சாரலில் ஊறி நாற்பத்தொரு பல்லிகளும் சாவது கண்முன் வந்துகொண்டே இருந்தது. பேச்சித்தாயின் ஏழு கிணறும் வந்தது.

வியாழக்கிழமை மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். மேடையில் நாற்பத்தொரு சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் ரிப்பன். கடைசி வரிசையில் பேச்சித்தாய் தன் ஊர்க்காரர்களோடு கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்குப் பக்கத்தில் பிச்சாண்டி. ஜெபக்கனி பொன்னாடை போர்த்தி, மைக்கை உலகம்மாளிடம் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இது அருவிப் பல்லி இல்ல."

மேளம் நின்றது. உலகம்மாள் பட்டுச்சேலை முந்தானைக்குள்ளிருந்து ஜாடியை எடுத்து மேசையில் வைத்தாள். "அருவிப் பல்லின்னு நான் ஒலகத்துக்குச் சொன்னது இந்தப் பல்லியத்தான். ஜெபக்கனி, இதத் தொட்டுப் பாரும்மா."

ஜெபக்கனி முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் ஊறிய பல்லியின் மேல் கருவியை வைத்தாள். "உலகம்மாள் பல்லி. சொந்த ஊர்: குற்றாலம், அருவிக்கரை" என்றது கருவி.

"பாத்தியளா? கருவிக்கே என் பல்லியத் தெரியல. நான் கொடுத்த வாலு வேற பல்லியோடது. சுனைப்பொத்தைப் பல்லியோடது. இந்தப் பெட்டிக்குள்ள இருக்க நாப்பத்தொண்ணும் பொத்தையிலயே பொறந்து பொத்தையிலயே வளந்த சாதி. அதுகளுக்கு இன்னும் யாரும் பேரே வைக்கல. என் மாதிரிய நான் வாபஸ் வாங்குதேன்."

கடைசி வரிசையில் பேச்சித்தாய் எழுந்து நின்றுவிட்டாள். ஜெபக்கனி கையிலிருந்த ரிப்பன் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். முதல் விழா இப்படியா ஆகவேண்டும்? ஆனாலும் கெட்டிக்காரப் பெண். கைக்கணினியில் விதியைத் தேடி உரக்கப் படித்தாள். "மாதிரி வாபஸ் ஆனால் அந்த உயிர் பெயரற்ற உயிர் ஆகிறது. பெயரற்ற உயிரை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். பெயரும் ஊரும் பதிவாகும்வரை அந்த இடத்தில் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது." பேச்சித்தாயின் ஆட்கள் விசிலடித்தார்கள். மேளக்காரர் ஒருவர் தன்னை மறந்து ஒரு தட்டுத் தட்டினார்.

"மேடம், படிவம் ஒண்ணு இருக்கு. இப்பமே நெரப்பணும்" என்றாள் ஜெபக்கனி. "பிழைக்குக் காரணம் கேக்கு. கருவிக் கோளாறு, போக்குவரத்துச் சேதம், மற்றவை."

"மற்றவைல போடும்மா."

"விளக்கம்?"

"நுங்கு."

நுங்குக் கதையைச் சொல்லி முடித்தபோது கூட்டம் கண்ணில் நீர் வரச் சிரித்தது. உலகம்மாளும் சிரித்தாள். இத்தனை பெரிய பாரம் இவ்வளவு சுலபமாக இறங்கும் என்று அவளுக்கே தெரியாது.

"கடைசிக் கேள்வி மேடம். இந்தப் பிழையை முன்பே அறிந்திருந்தவர் எவரேனும் உண்டா?"

"இல்லன்னு போடு."

"உண்டு" என்றது ஒரு குரல். பிச்சாண்டி கறுப்புத் துணிகளுக்கு நடுவே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியும். பதினேழு வருசமாத் தெரியும். தொட்டறி வந்த புதுசுல அதுக்கு ஒரு துணுக்குச் சதை வேணும். அருவியில கெடைக்கது புது இனம்னு மெஷின் சொன்னப்ப எனக்கு நம்பிக்கை வரல. யாருக்கும் தெரியாம ஜாடிப் பல்லியோட வெரல் நுனியக் கிள்ளி வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான். ஜாடி சரி, வாலுதான் தப்புன்னு வெளங்கிட்டு."

உலகம்மாளுக்கு அந்தக் காணாமல்போன விரல் நுனி ஞாபகம் வந்தது. மைக் அவள் கையிலேயே இருப்பது மறந்துபோயிற்று.

"பதினேழு வருசமா? ஒரே வீட்டுல ரசஞ்சோறு தின்னுக்கிட்டு? ஏன் நீ சொல்லல?"

அந்த 'நீ' ஒலிபெருக்கி வழியாக அருவிவரை கேட்டது. பிச்சாண்டிக்கு ஏனோ முகம் மலர்ந்துவிட்டது.

"சொன்னா ஒம்பேரு போயிரும். சொல்லாட்டி அருவியில இருக்கதுக்குப் பேரு இல்லாமக் கெடக்கும், வேற எவனாவது வந்து அவன் பேர வைப்பான். அது நீ கண்டுபிடிச்ச பல்லி. அதான் ஒம்பேரையே வச்சேன். வேற எப்பிடி ஒன்கிட்டத் திருப்பிக் கொடுக்க?" என்றவர் ஜெபக்கனி பக்கம் திரும்பினார். "இன்னொண்ணும் படிவத்துல எழுதிக்கம்மா ஜெபக்கனி. பல்லிக்கு ஒரு பை போதும், நுங்கு வெயில்ல காஞ்சிரும்னு காலிப்பைய வாங்குனது நாந்தான். தப்புல பாதி என்னோடது."

உலகம்மாளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்படி ஒரு மனிதன் தனக்கு வாய்த்ததற்குச் சந்தோஷமும் வந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "நீ அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா, இன்னைக்கு இந்த நாப்பத்தொண்ணும் டப்பாவுக்குள்ள வந்திருக்காது. இவங்க கறுப்புத்துணி கட்டிருக்க மாட்டாங்க."

"ஆமா. ஒன்ன மட்டும் பாத்தேன். பொத்தையப் பாக்கல" என்றார் பிச்சாண்டி, தலையைக் குனிந்தபடி.

அன்று சாயங்காலமே இரண்டு பதிவர் எண்களும் ரத்தாயின. கணவனும் மனைவியும் ஒரே செய்தியில் சேர்ந்து இடம்பெற்றது அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பதினைந்து நாள் கழித்துச் சுனைப்பொத்தையில் பேச்சித்தாய் எல்லோருக்கும் நுங்கு சீவிப் போட்டாள். நாற்பத்தொன்றும் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பெயர் வைக்கும் உரிமை இப்போது ஜெபக்கனிக்குத்தான். இரண்டு வாரமாகத் தானே லென்ஸைப் பிடித்துச் செதில் எண்ணி, கண் சிவந்து, மூன்று தடவை தப்பு விட்டு, நான்காவது தடவை சரியாக எண்ணி முடித்திருந்தாள். என்ன பெயர் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பல்லியைப் பிடித்து, தொட்டறியை வைத்து, உலகம்மாளின் காதருகே நீட்டினாள்.

பதினொரு விநாடி ஆயிற்று. தேன் குரல் வந்தது.

"நுங்குப் பல்லி. சொந்த ஊர்: சுனைப்பொத்தை."

பேச்சித்தாய் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நுங்கு உருண்டு ஓடியது. உலகம்மாள் வாய்விட்டுச் சிரித்தபடி பிச்சாண்டியைத் தேடினாள். அவர் பனைமரத்தடியிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் நுங்குப் பை, கனமாகத் தொங்கியது.

"இன்னொரு கையில என்ன?" என்று கேட்டாள்.

"காலிப் பை" என்றார் பிச்சாண்டி. "இருக்கட்டும்."